விரலுக்குத் தட்டுப்படும் சிவப்பு

ஜனவரி 18, ஞாயிறு

தையல் நூல் கடையில் கொடுத்த டைரி. பதினேழு பக்கம் காலியாகவே போய்விட்டது. இன்று முதல் எழுதலாம் என்று எடுத்தேன்.

பொங்கல் முடிந்து அவர் நேற்றுக் கிளம்பிப் போனார். போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் முழுக்கச் சுற்றிவிட்டுச் சித்திரையில்தான் திருச்செங்கோட்டுக்குத் திரும்புவார். அதுவரை வீட்டில் நானும் ஓவியாவும்தான். ஓவியா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் பெற்ற பிள்ளையில்லை. அவளைப் பெற்ற கீதாமணி டெங்குவில் போனபோது அவளுக்கு மூன்று வயது. நான் வாக்கப்பட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறாள்.

தை மாதம் தையல்காரிக்கு மூச்சுவிட நேரமில்லை. கையில் பதினொரு ஜாக்கெட் இருக்கின்றன. அதில் ஒன்று புதன்கிழமை முகூர்த்தத்துக்கு, ஆரி வேலை செய்தது. நான் அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் ஓவியா கத்தரிக்கோலை எடுத்து அதன் கைப்பகுதியை வெட்டி, பொம்மைக்குப் பாவாடை ஆக்கிவிட்டாள். கொஞ்சம் கண்டிக்க வேண்டியதாகிவிட்டது. சாப்பிடாமல் தூங்கிப் போனாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம்தான் தொண்டைவலியும் காய்ச்சலுமாகக் கிடந்தாள். உடம்பு இன்னும் தேறவில்லை. காலையில் முட்டை வேகவைத்துக் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

ஜாக்கெட்டின் கைக்கு வேறு துணி வாங்கி, ஆரி வேலை செய்யும் பெண்ணின் கையில் காலில் விழுந்து சரிசெய்தாகிவிட்டது.

ஓவியாவின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். எறும்புக் கடியாக இருக்கும். அரிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

ஆறு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தேன். எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 22, வியாழன்

குளிக்க வைக்கும்போது பார்த்தேன். பின்தொடையிலும் பிட்டத்திலும் கருஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. சில நாவற்பழ நிறம். இரண்டு தொடையிலும் இருக்கிறது. வாளித் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை இருக்க வழியில்லை. இத்தனை இருக்கவே முடியாது.

சீருடைப் பாவாடைக்குள் முழுநீளக் கால்சட்டை போட்டு அனுப்பினேன். யாராவது கேட்டால் கொசுக்கடி என்று சொல்லச் சொன்னேன். சரி என்றாள்.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் பிள்ளையால் கால் ஊன்ற முடியவில்லை. கணுக்கால் இரண்டும் வீங்கி, தொட்டாலே முகம் சுளிக்கிறாள். தூக்கிக்கொண்டு கடைவீதியில் இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். பாதத்தையும் கணுக்காலையும் காட்டினேன். வேறெங்காவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இவ்வளவுதான் என்றேன். பின்னால் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் கால்சட்டையை மடித்து மேலே பார்க்கவில்லை.

டெங்குவாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே கீதாமணியின் அக்காவுக்குப் போன் செய்தேன். சாந்தாமணி அக்கா மலைக்குப் பின்பக்கம் குடியிருக்கிறார். கட்டின சேலையோடு ஓடிவந்தார். தங்கைக்கும் இப்படித்தான் சிவப்புப் புள்ளியில் ஆரம்பித்தது, பிளேட்லெட் என்கிற தட்டணு இறங்கி இறங்கி நாலே நாளில் முடிந்தது என்று பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் முடிவு வந்தது. தட்டணு மூன்று லட்சத்துக்கு மேல். டெங்கு இல்லை. ஏதோ ஒவ்வாமையாக இருக்கும் என்று டாக்டர் களிம்பும் மருந்தும் கொடுத்தார். அக்கா அங்கேயே நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

தட்டணு சரியாக இருந்தால் ரத்தம் ஏன் தோலுக்குள் கட்டுகிறது? வழியெல்லாம் அதையே யோசித்தேன். எனக்குத் தெரிந்து ஒரு காரணம்தான் மிஞ்சுகிறது.

ஜனவரி 24, சனி

அக்கா ராத்திரி எங்களோடு தங்கினார். காலையில் அவரே பிள்ளையைக் குளிக்க வைக்கக் கூட்டிப்போனார். நான் தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. பிறகு வெளியே வந்தார்.

"தமயந்தி, இதென்னது? ஆரு அடிச்சது?"

தெரியலீங்க அக்கா என்றேன். ஒவ்வாமைக்கு இப்படி உட்காருமிடத்தில் வருமா, கிளினிக்கில் ஏன் இதைக் காட்டவில்லை என்று கேட்டார். போனில் படம் எடுத்து ஓவியாவின் அப்பாவுக்கு அனுப்பினார்.

ஒரு மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார். இரைச்சலில் துளைக்கும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"நெசத்தச் சொல்லு. நீ அடிச்சியா?"

இல்லீங்க என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். பிறகு அரிசி களைந்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். உதவி எண்ணுக்குப் பேசியது நான்தான் என்று சாந்தாமணி அக்கா என் முகத்தைப் பார்த்தே சொன்னார். மறைக்கவில்லை. என் தங்கச்சி இருந்தால் கேட்டிருப்பாள், அவளுக்குப் பதிலாக நான் கேட்கிறேன் என்றார். அவர் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மேடம் வயதில் சின்னவர், சத்தம் போட்டுப் பேசவில்லை. ஓவியாவோடு தனியாகப் பேச வேண்டும் என்று என்னை வெளியே இருக்கச் சொன்னார். கால் மணி நேரம். வெளியே வந்து, யாரும் அடிக்கவில்லை என்கிறாள் என்று சொன்னார். ஆனாலும் நாளைக்கு அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் பார்க்கட்டும், அதுவரை பிள்ளை பெரியம்மா வீட்டில் இருக்கட்டும் என்றார்.

ஓவியாவின் துணிகளைப் பையில் வைத்துக் கொடுத்தேன். அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளை தோளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

இரண்டு ஜாக்கெட் முடித்தேன். ஒன்றில் கை மாற்றி வைத்துத் தைத்திருக்கிறேன். பிரிக்க வேண்டும்.

ஜனவரி 28, புதன்

நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

காலையில் அக்கா வீட்டிலேயே ஓவியாவுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. சுருண்டு சுருண்டு படுக்கிறாள். பச்சையாக இரண்டு முறை வாந்தி. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேடம் முன்னாலேயே வந்து காத்திருந்தார்.

குழந்தை டாக்டர் அருள்செல்வி. ஐம்பது வயது இருக்கும். எங்களில் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, முதலில் பிள்ளையோடுதான் பேசினார். எங்கே வலிக்கிறது என்று அவளையே விரலால் காட்டச் சொன்னார். பிறகு எல்லாத் துணியையும் எடுத்துவிட்டு, ஒரு போர்வையைப் போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். கணுக்காலைப் பார்த்தார். குப்புறப் படுக்கவைத்துத் தொடையைப் பார்த்தார். ஒரு கண்ணாடித் துண்டைத் திட்டின்மேல் வைத்து அழுத்தினார். சிவப்பு மறையவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"இங்க வந்து தொட்டுப் பாருங்க," என்று மேடத்தைக் கூப்பிட்டார். "மேடா இருக்குதா? கண்ணை மூடிக்கிட்டாலும் விரலுக்குத் தட்டுப்படும். அடிச்ச காயத்துல தோல் மேல இப்படிப் பொட்டுப் பொட்டா மேடு வராது."

அப்புறம்தான் என்னைக் கேட்டார். போன மாதக் கடைசியிலோ இந்த மாத ஆரம்பத்திலோ சளி, தொண்டைவலி இருந்ததா? இருந்தது. கால் எப்போது வீங்கியது? புள்ளி முதலில் எங்கே வந்தது? சிறுநீர் நிறம் மாறியதா? ஒவ்வொன்றுக்கும் நாளைச் சொன்னேன். டைரி எழுதியது அதற்காவது உதவியது.

ரத்தம், சிறுநீர், வயிற்றுக்கு ஸ்கேன். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஸ்கேன் அறைக் கதவருகே நானும் அக்காவும் பேசாமல் நின்றோம். குடல் செருகவில்லை, வீங்கித்தான் இருக்கிறது.

மத்தியானம் டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இதற்கு ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் என்று பெயர். தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தடுமாறித் தன் சின்ன ரத்தக் குழாய்களையே தாக்கிவிடுகிறது. குழாய் அழற்சி கண்டு ரத்தம் தோலுக்குள் கசிகிறது. காலிலும், உட்கார்ந்தால் அழுந்தும் இடத்திலும்தான் அதிகம் தெரியும். மூட்டில் வந்தால் கால் வீக்கம், குடலில் வந்தால் வயிற்றுவலி. தட்டணு குறையாமல் இப்படி வருவதுதான் அடையாளம். முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குச் சில வாரத்தில் தானாகவே ஆறிவிடும். சிறுநீரகத்தைத் தொட்டுவிடாமல் மட்டும் ஆறு மாதம் கண்காணிக்க வேண்டும்.

மேடத்திடம் திரும்பி, இது அடித்ததால் வந்ததில்லை, எழுதித் தருகிறேன் என்றார்.

சாந்தாமணி அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று அழுதார். தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்.

அறையை விட்டு வரும்போது டாக்டர் என்னை மட்டும் நிறுத்தினார். கிளினிக் சீட்டைக் கையில் வைத்திருந்தார்.

"இதுல பாதம் மட்டும்தான் எழுதியிருக்குது. தொடையைக் காட்டியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க. ஏன் காட்டல?"

பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பார்த்தேன். ஏன் காட்டவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி துணி அளக்கும் மர ஸ்கேலால் பிள்ளையின் பின்தொடையில் இரண்டு அடி அடித்தேன். ஓங்கித்தான் அடித்தேன். அந்தத் திட்டுகள் எல்லாம் என் கை செய்தது என்று நினைத்துத்தான் பாவாடைக்குள் மறைத்தேன். அதனால் ஐந்து நாள் பிள்ளை வலியோடு கிடந்தாள்.

ஜனவரி 30, வெள்ளி

வார்டில் பதினான்காம் படுக்கை. வயிற்றுவலிக்கு ஸ்டீராய்டு ஆரம்பித்திருக்கிறார்கள். இன்று அரை டம்ளர் கஞ்சி குடித்தாள்.

அக்கா தன் வீட்டுக்குப் போயிருந்த நேரம். நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஓவியா சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"நான் ஆருகிட்டயும் சொல்லல சித்தி."

எதை என்று நான் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை. அந்த மேடம் கால் மணி நேரம் கேட்டபோதும், பெரியம்மா மடியில் வைத்துக் கேட்டபோதும், வலியில் சுருண்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அவர் வந்துவிட்டார். இரண்டு நாள் ரயில். தாடியும் செம்மண் படிந்த சட்டையுமாக நேரே வார்டுக்கு வந்தார். பிள்ளை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போனில் அப்படிக் கேட்டுவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று என்னிடம் சொன்னார்.

அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவரையும் அக்காவையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். ஸ்கேலைச் சொன்னேன், கால்சட்டையைச் சொன்னேன், கொசுக்கடி என்று சொல்லிக்கொடுத்ததையும் சொன்னேன்.

அவர் பக்கத்தில் இருந்த சிமெண்ட் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவேயில்லை. அக்காதான் பேசினார்.

"உன்னையத் தப்பா நெனச்சுட்டனேன்னு நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. இப்ப என்ன நெனைக்கறதுன்னே தெரியல." பிறகு, "அந்த மேடத்துகிட்டயும் நீயே சொல்லோணும்," என்றார்.

பிப்ரவரி 2, திங்கள்

சொல்லிவிட்டேன். அலுவலகத்துக்கு நானே பஸ் ஏறிப் போனேன். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். என் அடியால்தான் நோய் வந்ததோ என்று இன்னமும் தோன்றுகிறது என்றேன்.

"நோய் உங்களால வரலைம்மா. அடி உங்களால வந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க," என்றார்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் பிள்ளை கொஞ்ச நாள் பெரியம்மாவிடம் இருக்க வேண்டும். நான் போய்ப் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு மேடம் வந்து விசாரிப்பார். கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஓவியா இப்போது அக்கா வீட்டில் இருக்கிறாள். அவர் மறுபடி போர்வெல் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, பிள்ளையைப் பார்த்துக்கோ என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

வாராவாரம் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். டாக்டர் சின்னச் சின்னப் பட்டைகள் உள்ள டப்பாவைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். காலையில் முதல் சிறுநீரில் நனைத்து, ஒரு நிமிடம் கழித்து டப்பாவில் உள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் புரதம் போகிறது. அக்காவுக்கு நிறம் சரியாகப் பிடிபடுவதில்லை. நான் விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்று மஞ்சள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பச்சை.

பிப்ரவரி 16, திங்கள்

டாக்டரிடம் ஓடினோம். புரதம் கொஞ்சம் போகிறது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. இப்போதைக்குப் பயப்பட வேண்டாம், கூடினால் சிறுநீரகத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டிவரும் என்றார். ஒரு மாத்திரை எழுதினார். வாரம் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

ஐந்து நாள் தாமதித்ததால்தானா என்று கேட்டேன். இல்லை, முன்னாலேயே கண்டுபிடித்திருந்தாலும் இதை நிறுத்தியிருக்க முடியாது, வலியைத்தான் குறைத்திருக்கலாம் என்றார். உள்ளதைச் சொல்கிற டாக்டர்.

பஸ்ஸில் அக்கா எனக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தார்.

மார்ச் 8, ஞாயிறு

பச்சை வெளுத்துக்கொண்டே வருகிறது. இப்போதெல்லாம் ஓவியாவும் கூடவே குந்தி உட்கார்ந்து பார்க்கிறாள். அறுபது எண்ணுவது அவள் வேலை.

இன்று எண்ணி முடித்ததும், தன்னை எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போவேன் என்று கேட்டாள். அதை நான் மட்டும் முடிவு செய்ய முடியாது என்றேன். யாரும் அடிக்கவில்லை என்றுதானே சொன்னேன், பிறகு ஏன் என்று கேட்டாள்.

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் அடிச்சது தப்பு கண்ணு. கொசுக்கடின்னு சொல்லச் சொன்னது அதவிடத் தப்பு. இனி ஆரு கேட்டாலும் நடந்ததச் சொல்லு. என்னையக் காப்பாத்தறது உன்ற வேலையில்ல."

புரிந்ததா என்று தெரியவில்லை. பட்டையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அக்கா கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. காபி குடிச்சுட்டுப் போ என்றார். இந்த ஒரு மாதத்தில் அதுதான் முதல் முறை.

மார்ச் 22, ஞாயிறு

மேடம் சம்மதித்தார். அக்காவே பையோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்ப வந்து பார்த்தார். நாளையும் வருவார். வரட்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மஞ்சள். நான்காவது முறையாக. அவர் ஊருக்கு வந்திருக்கிறார். டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து அவரும் பார்த்தார். "மஞ்சதானே?" என்று என்னிடம் கேட்டார். பிப்ரவரிக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி.

ஜூலை 28, செவ்வாய்

ஆறு மாதம் முடிந்தது. காலையில் டாக்டர் அருள்செல்வி ரத்தம், சிறுநீர், அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார். எப்போதாவது திரும்பப் புள்ளி வந்தால் ஒளிக்காமல் கொண்டுவாருங்கள் என்றார். வேண்டுமென்றுதான் அந்தச் சொல்லைச் சொன்னாரா என்று தெரியவில்லை. சரிங்க என்றேன்.

மத்தியானம் மேடம் கடைசி முறையாக வந்தார். ஓவியாவிடம் தனியாகப் பேசினார். நான் வாசலில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர் உடனே கிளம்பவில்லை.

"ஜனவரியில நான் எத்தனையோ விதமாக் கேட்டும் யாரும் அடிக்கலைன்னுதான் சொன்னா. இன்னைக்கு நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா. சித்தி ஸ்கேல்ல ரெண்டு அடி அடிச்சாங்க, ரொம்ப வலிச்சுது, அப்புறம் அடிக்கலைன்னு."

அழுதாளா என்று கேட்டேன். இல்லை, பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள் என்றார். அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கோப்பில் வைக்கப் போவதாகவும் சொன்னார். வையுங்க என்றேன்.

அவர் போனபிறகு உள்ளே போனேன். ஓவியா தரையில் நோட்டை விரித்து வைத்திருந்தாள். நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள். நான் கோபமாக இருக்கிறேனா என்று தேடுகிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளி, ஏழாம் வாய்ப்பாட்டில் பாதிக்குமேல் வரமாட்டேன் என்கிறது, சொல்லிக்கொடுங்க என்றாள்.